கொத்துக்கறியும் கொழுப்பும்

உணவு தேடி மனிதன் அலைந்த காலம் மிக நீண்டது. உண்ட உணவைக் குறித்து அவன் அஞ்சத் தொடங்கிய காலமோ நேற்றுத் தோன்றியது எனலாம். பசியே மானிடத்தின் பெரும்பகையாக இருந்த நூற்றாண்டுகளில் கொழுப்பு ஒரு செல்வமாகக் கருதப்பட்டது. தமிழ்மொழியே இதற்குச் சான்று பகரும். செழித்த தளிரைக் 'கொழுந்து' என்றும், வளமிக்க நிலத்தைக் 'கொழுநிலம்' என்றும், நிறைந்த ஆதாயத்தைக் 'கொழுத்த ஆதாயம்' என்றும் வழங்குவது தமிழர் வழக்கு. அளவு மீறிய செருக்கைச் சுட்டவும் அதே சொல்லையே பேச்சுவழக்கு எடுத்துக்கொண்டது. வளமும் கேடும் ஒரே வேரில் முளைப்பவை என்பதைப் பேச்சுவழக்கு என்றோ உணர்ந்திருந்தது போலும்.

இந்த இருமுகத் தன்மையை விளங்கக் காட்டும் உணவு ஒன்று உண்டு. அதுதான் கொத்துக்கறி. முழுத்துண்டாகக் கிடக்கும் இறைச்சியில் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கண் காணும். கத்தி அதனை வெட்டி நீக்கும். கொத்தி அரைத்துவிட்டாலோ ஊனும் கொழுப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கண்ணுக்கு மறைந்த அக்கொழுப்பு வயிற்றுக்கு மறைவதில்லை. ஆதலின் கொத்துக்கறியிலிருந்து கொழுப்பை எவ்வாறு குறைப்பது என்னும் வினா, சமையலறையில் பிறந்து, மருத்துவமனை, ஆய்வுக்கூடம், சட்டமன்றம் எனப் பல இடங்களுக்கும் சென்று, மீண்டும் சமையலறைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பயணத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை அடுக்களைகள்

உரோமானியர்களின் சமையல் முறைகளைத் தொகுத்துரைக்கும் பழைய நூலொன்று அப்பீசியசின் பெயரால் வழங்குகிறது. அரைத்த இறைச்சியை மதுவில் ஊறிய ரொட்டியோடும் மிளகோடும் பிசைந்து, உருண்டையாக்கி, விலங்கின் குடலைப் போர்த்தியிருக்கும் வலைபோன்ற கொழுப்புச் சவ்வில் பொதிந்து சுடும் முறை அந்நூலில் காணப்படுகிறது. அந்த மிளகு முசிறி முதலான துறைமுகங்களிலிருந்து மரக்கலம் ஏறிச் சென்றது என்பது தமிழர்க்குப் பெருமை தரும் செய்தி. ஆயினும் இங்குக் கருதத்தக்கது வேறு. அக்காலத்துச் சமையற்காரன் இறைச்சிக்குக் கொழுப்பைப் போர்வையாகச் சேர்த்தானேயன்றி அதனை நீக்க எண்ணவில்லை.

பாக்தாத் நகரிலும் நிலைமை இதுவே. முகம்மது இப்னு அல் ஹசன் அல் பாக்தாதி என்பார் 1226ஆம் ஆண்டில் எழுதிய சமையல் நூலில் பல உணவுகளின் செய்முறை செம்மறியாட்டின் வாற்கொழுப்பை உருக்குவதிலிருந்தே தொடங்குகிறது. உருகிய கொழுப்பில் இறைச்சி வதங்கும்; கொத்திய இறைச்சி உருண்டைகளும் அதிலே வேகும். பாலைநிலத்து ஆட்டின் கொழுத்த வால், வறட்சிக் காலத்தில் அவ்விலங்கின் உயிரைக் காக்கும் சேமிப்பு. அந்தச் சேமிப்பே மனிதனுக்கும் விருந்தாயிற்று.

துருக்கியரும் பாரசீகரும் வழங்கிய சொல்லே இந்தியாவுக்கு வந்து 'கீமா' என்றும், தமிழில் 'கைமா' என்றும் நிலைபெற்றது. சொல்லோடு உணவும் வந்தது. ஆனால் வந்த இடத்தில் அது சிறிது உருமாறியது. வட இந்தியரின் ஷாமி கபாபில் கொத்துக்கறியோடு கடலைப்பருப்பு சேர்ந்து வேகிறது. தமிழகத்துக் கோலா உருண்டையில் கொத்துக்கறியோடு பொட்டுக்கடலை மாவு கலக்கிறது. பருப்பு, இறைச்சியைப் பிணைக்கிறது. இறைச்சியினின்று வடியும் சாற்றையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஒருவருக்குப் போதிய இறைச்சியை மூவருக்குப் போதுமாறு பெருக்குகிறது. சிக்கனத்தின் பொருட்டும் சுவையின் பொருட்டும் செய்த இந்த ஏற்பாடு, ஓர் உருண்டையில் உள்ள இறைச்சிக் கொழுப்பின் அளவையும் குறைத்துவிடுகிறது. கோலா உருண்டை எண்ணெயில் பொரிக்கப்படுகிறது என்பதும் உண்மையே. எனவே முன்னோர் எல்லாம் அறிந்தே செய்தனர் என்று புனைந்துரைக்க வேண்டுவதில்லை. தேவை கற்பித்த பாடம் ஒன்று பிற்கால அறிவியலுக்கும் இசைந்திருந்தது என்று கொள்வதே முறையாகும்.

இயந்திரம் செய்த மாற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் இறைச்சியைக் கொத்துவது கைத்தொழிலாகவே இருந்தது. கனத்த கத்தியும், மரக்கட்டையும், சலியாத கையும் அதற்கு வேண்டும். கைப்பிடியைச் சுழற்றினால் இறைச்சியை அரைத்துத் தள்ளும் பொறி அந்நூற்றாண்டில் பிறந்தது. மிதிவண்டிக்கு முன்னோடியான இருசக்கர ஊர்தியை 1817ஆம் ஆண்டில் அமைத்த செருமானியர் கார்ல் டிரைசே இந்த அரைவைப் பொறியையும் ஆக்கியவர் என்று கருதப்படுகிறது. பொறி வந்தபின் கொத்துக்கறி மலிந்தது. விற்க இயலாத ஓரத்துண்டுகளும், கடினமான தசைகளும், வெட்டி எறியப்பட வேண்டிய கொழுப்பும் பொறிக்குள் சென்று ஒரே நிறமுடைய பொருளாக வெளிவந்தன. கொத்துக்கறி ஏழையின் இறைச்சியானது இவ்வாறுதான்.

கொத்துக்கறியிலிருந்து கொழுப்பை விலக்க வேண்டும் என்று வற்புறுத்திய முதல் குரல்களுள் ஒன்று அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் சாலிஸ்பரியினுடையது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வயிற்றுப்போக்கால் நலிந்த படைவீரர்களைக் கண்டு, உணவே நோய்க்கும் நலத்துக்கும் மூலம் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1888ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நரம்பும் சவ்வும் கொழுப்பும் நீக்கிய மாட்டிறைச்சியின் தசைக்கூழைத் தட்டிச் சுட்டு, நாடோறும் மூன்று வேளையும் உண்ணுமாறும், உணவுக்கு முன் வெந்நீர் அருந்துமாறும் அவர் கூறினார். காய்கறிகளை அவர் ஐயுற்றது பெரும்பிழை. அவர் கொழுப்பை விலக்கியதும் இதயத்தைக் கருதியன்று, செரிமானத்தைக் கருதியே. இன்றும் அவர் பெயர் ஓர் உணவின் பெயராக அமெரிக்கச் சமையலறைகளில் வாழ்கிறது. ஆனால் அப்பெயரால் விற்கப்படும் உணவில் அவர் விலக்கிய கொழுப்பெல்லாம் திரும்பவும் குடிபுகுந்துவிட்டது.

சாலிஸ்பரியின் காலத்தை அடுத்து, வில்பர் அட்வாட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் உணவின் ஆற்றலை அளந்து கணக்கிடும் முறையை நிலைநாட்டினார். ஒரு கிராம் புரதமும் ஒரு கிராம் மாவுச்சத்தும் உடலுக்கு நான்கு நான்கு கலோரி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்போ ஒன்பது கலோரி தருகிறது. கொத்துக்கறியின் கணக்கு முழுவதும் இந்த எண்களில் அடங்கியுள்ளது. கொழுப்பு 30 விழுக்காடு கலந்த மாட்டுக் கொத்துக்கறி 100 கிராம் எடுத்தால், பச்சை நிலையில் அதில் ஏறத்தாழ 330 கலோரி உண்டு. அதில் 270 கலோரி கொழுப்பிலிருந்து மட்டுமே வருகிறது. கொழுப்பு 10 விழுக்காடாக இருந்தால் மொத்தமே ஏறத்தாழ 175 கலோரிதான். இரண்டும் பார்வைக்குக் கொத்துக்கறியே. ஒன்று மற்றொன்றைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஆற்றல் உடையது.

அமெரிக்கச் சட்டம், அரைத்த மாட்டிறைச்சியில் கொழுப்பு 30 விழுக்காட்டை மிஞ்சலாகாது என வரம்பு கட்டியது. வரம்பு கட்டியது என்பதை வரம்புவரை செல்ல இசைவளித்தது என்றும் படிக்கலாம். கொழுப்பு மிகுந்த கொத்துக்கறி விலை மலிவு. குறைந்தது விலை உயர்வு. கூலிவேலை செய்து குடும்பம் காப்பவன் எதனை வாங்குவான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதயமும் ஐயமும்

1913ஆம் ஆண்டில் உருசிய நாட்டு ஆய்வாளர் நிக்கோலாய் அனிச்கோவ், கொலஸ்டிரால் கலந்த உணவை முயல்களுக்கு ஊட்டி, அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். முயல் இயல்பாகவே புல் தின்னும் விலங்கு; அதன் உடலில் நேர்வது மனிதனுக்கும் நேருமா என்ற ஐயத்தால் அக்கண்டுபிடிப்பு பல்லாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது.

உலகின் கவனத்தைத் திருப்பியது ஒரு பெருந்தலைவரின் நோய். 1955 செப்டம்பர் 23ஆம் நாள், அமெரிக்க அதிபர் ஐசனோவர் டென்வர் நகரில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். நண்பகலில் வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் உண்டார். பின்னர் நெஞ்சில் ஒரு தொல்லை தோன்றவே, வெங்காயம் செரிக்கவில்லை என்றே எண்ணினார். மறுநாள் அது மாரடைப்பு எனத் தெரிந்தது. ஒருவேளை உணவு ஒருவரின் இதயத்தைத் தாக்கிவிடுவதில்லை. நெடுங்காலம் அளவின்றிப் புகைத்து, 1949ஆம் ஆண்டளவில்தான் அப்பழக்கத்தை விட்டவர் அவர். ஆயினும், ஒரு நாட்டின் தலைவரையே சாய்த்த நோயைப் பற்றி அந்நாட்டு மக்கள் வீடுதோறும் பேசத் தொடங்கினர்.

அந்தப் பேச்சுக்கு அறிவியல் வடிவம் தந்தவருள் முதன்மையானவர் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஆன்சல் கீஸ். 1958ஆம் ஆண்டில் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோசுலாவியா, கிரேக்கம், ஜப்பான் ஆகிய நாடுகளில் 40 முதல் 59 வயது வரையுள்ள 12,000க்கும் மேற்பட்ட ஆடவரை அவரும் துணைவரும் தொடர்ந்து கவனித்தனர். விலங்குக் கொழுப்பு மிகுதியாக உண்ணும் பகுதிகளில் இதய நோயும் மிகுதி என்று அவ்வாய்வு காட்டியது. நாடுகளைத் தெரிந்தெடுத்த முறை முதலியவை குறித்துப் பின்னாளில் அவர்மீது குறைகூறியோர் உண்டு. இருப்பினும் நிறைவுற்ற கொழுப்பை மட்டுப்படுத்தல் நன்று என்னும் கருத்து நிலைபெற்றது. 2023ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், நாளுணவின் ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குமேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரலாகாது என்றே உரைத்தது.

அறிவியல் ஒன்றைச் சொல்வதும், அரசு அதனை வாய்விட்டுக் கூறுவதும் வேறு வேறு என்பதை 1977ஆம் ஆண்டு காட்டியது. செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் இயங்கிய குழு அவ்வாண்டு சனவரியில் அமெரிக்க மக்களுக்கான உணவு இலக்குகளை வெளியிட்டது. உணவின் ஆற்றலில் கொழுப்பின் பங்கை 40 விழுக்காட்டளவிலிருந்து 30 விழுக்காட்டுக்குக் குறைத்தல் வேண்டும் என்றும், இறைச்சியைக் குறைத்து உண்ணுதல் வேண்டும் என்றும் அவ்வறிக்கை வெளிப்படையாகக் கூறியது. கால்நடை வளர்ப்போர் கொதித்தெழுந்தனர். மெக்கவர்னின் சொந்த மாநிலமான தென் டக்கோட்டாவே கால்நடைக்குப் பேர்போனது. அவ்வாண்டு இறுதியில் திருத்திய பதிப்பு வந்தபோது 'இறைச்சியைக் குறையுங்கள்' என்னும் நேர்மொழி மறைந்து, நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கத்தக்க இறைச்சிகளைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்னும் சுற்றுமொழி அவ்விடத்தில் அமர்ந்திருந்தது. 1980ஆம் ஆண்டுத் தேர்தலில் மெக்கவர்ன் தோல்வியுற்றார். தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் அவர் குழு கைவிட நேர்ந்த அந்த ஒரு தொடர், கொழுப்பைக் குறைக்கும் பொறுப்பை நாட்டின் கொள்கையிலிருந்து எடுத்து, தனி மனிதரின் அகப்பையில் வைத்துவிட்டது.

ஆலையின் வழியும் அடுப்பின் வழியும்

பொறுப்பு வந்து சேர்ந்தபின் இரு தரப்பினர் அதனை ஏற்க முன்வந்தனர். ஒருபால் ஆலைகள், மறுபால் ஆய்வாளர்கள். வியப்பு என்னவெனில் இருவர் முயற்சியும் 1991ஆம் ஆண்டிலேயே பொதுமக்கள் முன் வந்தன.

அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர், கொழுப்பைக் குறைத்தால் கொத்துக்கறி வறண்டு மரக்கட்டை போலாகிவிடும் குறையைக் களைய வழி கண்டனர். சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்னும் பசைப்பொருளைச் சிறிது கலந்தால் அது நீரைப் பிடித்துவைத்து, கொழுப்பு தரும் ஈரப்பதத்தை ஓரளவு ஈடுசெய்கிறது. கராஜீனனுக்குரிய கடற்பாசி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் கடலோரங்களிலும், சபா மாநிலத்துச் செம்பூர்ணாவிலும் பயிரிடப்படுவது இந்த வட்டாரத்தார் அறிந்ததே. இம்முறையைக் கொண்டு மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் 'மெக்லீன் டீலக்ஸ்' என்னும் ஹாம்பர்கரை அறிமுகம் செய்தது. அதன் இறைச்சியில் கொழுப்பு ஒன்பது விழுக்காடே. செய்தித்தாள்கள் அதனைப் பேசின, மருத்துவர்கள் வரவேற்றனர், மக்கள் வாங்கவில்லை. 1996ஆம் ஆண்டில் அது விற்பனையிலிருந்து மறைந்தது. நன்மை செய்யும் உணவு என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒன்றை, சுவைக்காக ஓர் உணவகத்துக்கு வருபவன் ஏன் கேட்பான் என்பதை ஆலையினர் எண்ணத் தவறினர்.

அதே ஆண்டு சனவரியில், பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டோனல்ட் ஸ்மால் என்பாரும் அவர்தம் துணைவரும் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் சமையலறை வேதியியலைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். கொழுப்பைக் கொழுப்பே கரைக்கும் என்பது அவர்கள் கையாண்ட கோட்பாடு. கொத்துக்கறியைத் தாவர எண்ணெயில் கிளறிச் சூடாக்கினால், இறைச்சியின் நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்டிராலின் ஒரு பகுதியும் எண்ணெயில் கரைந்துவிடும். பின்னர் வடித்து, கொதிநீர் ஊற்றி அலச வேண்டும். வடிந்த நீரைத் தேங்கவிட்டால் கொழுப்பு மேலே மிதக்கும். அதனை நீக்கிவிட்டு, அடியில் தங்கிய சாற்றைச் சுண்டக் காய்ச்சி, மீண்டும் இறைச்சியில் சேர்த்துக்கொள்ளலாம். சாற்றில் சுவை தங்குகிறது. நீக்கிய கொழுப்போடு கேடு செல்கிறது. இறைச்சியில் எஞ்சும் சிறிதளவு எண்ணெயும் பெரும்பாலும் நிறைவுறாத வகையைச் சேர்ந்தது.

அடுத்த ஆண்டில் அமெரிக்க உணவியல் இதழொன்றில் வெளியான மற்றோர் ஆய்வு, எண்ணெயும் வேண்டாத எளிய வழியை அளந்து பார்த்தது. கொத்துக்கறியை உதிரியாக வறுத்து, கொழுப்பை வடித்து, வெந்நீரில் அலசினால் அதில் எஞ்சும் கொழுப்பு பெரிதும் குறைகிறது. வறுத்து வடித்து அலசுவதால் பாதியளவு வரையில் கொழுப்பை நீக்கலாம் என்று பின்னர் உணவியலார் அறிவுறுத்தலாயினர். இதன் பயன் யாருக்கு என்பதைக் கருத வேண்டும். மலிவான கொத்துக்கறிக்கும் விலையுயர்ந்த கொத்துக்கறிக்கும் இடையேயுள்ள கொழுப்பு வேற்றுமை, வடிதட்டில் பெரிதும் சுருங்கிவிடுகிறது. கடையில் பணம் கொடுத்து வாங்க இயலாத நலத்தை, ஒரு கெண்டி வெந்நீரைக்கொண்டு ஏழை இல்லத்தரசி தன் அடுப்பிலேயே அடைய முடிகிறது. நீரில் கரையும் உயிர்ச்சத்துகள் சிறிது கழியும் என்பது உண்மையே. புரதம் பெரும்பாலும் தங்கிவிடுகிறது.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்லுதல் வேண்டும். அலசுதல் வெந்த பின்னரே செய்யத்தக்கது. பச்சை இறைச்சியைக் கழுவுவதால் உறைந்த கொழுப்பு கரையாது. கிருமிகளே கழுவுதொட்டியெங்கும் சிதறும். முழுத்துண்டில் புறத்தே மட்டும் தங்கும் கிருமி, அரைக்கும்போது உட்புறமெங்கும் கலந்துவிடுகிறது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரிவர வேகாத ஹாம்பர்கரால் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். கொத்துக்கறியின் உள்வெப்பம் 71 பாகை செல்சியசை எட்ட வேண்டும் என்னும் விதி அவ்விழப்புக்குப் பின் பெரிதும் வற்புறுத்தப்பட்டது.

ஆலைகளும் வாளாவிருக்கவில்லை. கொழுப்பு மிகுந்த வெட்டுத்துண்டுகளை இளஞ்சூடாக்கி, விரைந்து சுழலும் பொறியிலிட்டுக் கொழுப்பைப் பிரித்தெடுத்து, கிருமிகளை ஒழிக்க அம்மோனியா வளிமத்தால் பதப்படுத்தி, அப்பொருளைக் கொத்துக்கறியில் கலந்து விற்றனர். கொழுப்பு குறைந்தது, சட்டமும் தடுக்கவில்லை. ஆயினும் 2012ஆம் ஆண்டில் இச்செய்தி அமெரிக்கத் தொலைக்காட்சியில் பரவியபோது மக்கள் அருவருத்தனர். அதனை ஆக்கிய ஆலைகள் சில மூடப்பட்டு, தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். உண்பவருக்குச் சொல்லாமல் செய்த நன்மையையும் உண்பவர் நன்மையென ஏற்பதில்லை என்பது இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

வடகரேலியாவின் பெண்கள்

ஆலையால் ஆகாததும் ஆணையால் ஆகாததும் ஓர் ஊரின் பெண்களால் ஆயிற்று. பின்லாந்தின் கிழக்கெல்லையில் உள்ளது வடகரேலியா. ஏழு நாடுகள் ஆய்வில் இதய நோய் மிகக் கொடியதாகக் காணப்பட்டது அந்தப் பகுதியில்தான். மரம் வெட்டியும் நிலம் உழுதும் உழைத்த ஆடவர், நடுவயதிலேயே மாரடைப்பால் மாண்டனர். வெண்ணெய், கொழுத்த பன்றியிறைச்சி, உப்பு, புகையிலை ஆகியவை அவர்தம் அன்றாடப் பழக்கங்கள். 1971ஆம் ஆண்டில் அம்மாநில மக்களின் சார்பாளர்கள் தம் அரசிடம் உதவி வேண்டி விண்ணப்பம் செய்தனர். 1972ஆம் ஆண்டில் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவரின் தலைமையில் வடகரேலியத் திட்டம் தொடங்கிற்று.

புஸ்கா முதலில் நாடியது மார்த்தா என்னும் இல்லத்தரசியர் இயக்கத்தை. அப்பெண்கள் ஊர்தோறும் நீண்ட ஆயுள் விருந்துகள் என்னும் கூட்டங்களை நடத்தினர். கரேலியரின் மரபான இறைச்சிக் குழம்பில் கொழுப்பையும் உப்பையும் குறைத்து, கிழங்கும் கேரட்டும் மிகுத்துச் சமைத்து, யாவர்க்கும் பரிமாறினர். மரபுணவை இகழ்ந்து அவர்கள் பேசவில்லை. அதன் பெயரையும் மாற்றவில்லை. அதே குழம்பு, அதே மணம். கலவை மட்டும் வேறு. அரைத்த இறைச்சியால் தொத்திறைச்சி செய்வோரையும் திட்டத்தினர் அணுகி, கொழுப்பின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் காளானைச் சேர்க்கச் செய்தனர். புகைப்பிடித்தலும் குறைந்தது, இரத்த அழுத்த மருத்துவமும் பரவியது. நாற்பதாண்டுகளில் உழைக்கும் வயதுடைய ஆடவரிடையே இதய நோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தது. இந்த வெற்றி முழுவதும் உணவால் விளைந்ததென்று கூறுதல் பொருந்தாது. எனினும் இல்லத்தரசியரின் குழம்புச் சட்டியும் அதில் ஒரு பங்கு கொண்டது என்பதில் ஐயமில்லை.

தென்கிழக்காசியாவில்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கொத்துக்கறிக்கு நெடிய வாழ்வு உண்டு. சிங்கப்பூரின் நார்த் பிரிட்ஜ் சாலையில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் முர்தபாக் கடை ஒன்று 1908ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. வீசி விரித்த மாவின் நடுவே கொத்துக்கறியும் முட்டையும் வெங்காயமும் வைத்து, நான்குபுறமும் மடித்து, நெய் பெய்த கல்லில் சுட்டெடுக்கும் அவ்வுணவு இனபேதமின்றி எல்லோரையும் ஈர்த்தது. அதில் கொழுப்பு எங்கிருக்கிறது என்று ஆராய்ந்தால் இறைச்சியில் மட்டுமன்று, மாவிலும் கல்லிலும் உண்டு என்பது புலப்படும். வெள்ளாட்டிறைச்சி இயல்பாகவே கொழுப்புக் குறைந்தது. அதைச் சமைக்கும் நெய்யும் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் அக்குறையை நிறைத்துவிடுகின்றன.

மேனாட்டில் நேர்ந்த பிழை ஒன்று இங்கும் நேர்ந்தது. விலங்குக் கொழுப்புக்கு அஞ்சியவர்கள், கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்புக்கு மாறினர். அதிலுள்ள மாறுபக்கக் கொழுப்பு, நெய்யினும் தீயது என்பது பின்னரே தெரியவந்தது. அத்தகைய கொழுப்புக்கு மூலமான பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயைச் சிங்கப்பூர் அரசு 2021 சூன் முதல் நாளிலிருந்து உணவில் தடை செய்தது. அதற்கு முன்னரே, 1992ஆம் ஆண்டில் தேசிய நலவாழ்வுத் திட்டமும், 2001ஆம் ஆண்டில் சுகாதார மேம்பாட்டு வாரியமும் அங்குத் தோன்றியிருந்தன.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் இருவருக்கு ஒருவர் அளவுக்கு மீறிய எடை உடையவர் என்று தெரிவித்தது. நீரிழிவும் எடைமிகுதியும் இந்திய வம்சாவளியினரிடையே மிகுந்து காணப்படுகின்றன. தோட்டங்களில் பொழுது புலருமுன் எழுந்து, பால் வெட்டி, வாளி சுமந்து உழைத்த தலைமுறைக்கு உணவின் ஆற்றல் முழுவதும் வியர்வையாகக் கரைந்தது. அவர்தம் பேரர்கள் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிகின்றனர். உழைப்பு மாறியது, உணவின் அளவும் பக்குவமும் மாறவில்லை. முன்னோர்க்குத் திருநாளில் மட்டும் கிட்டிய இறைச்சி, பேரர்க்கு நாளும் கிட்டுகிறது. இந்த இடைவெளியிலேதான் நோய் குடியேறியிருக்கிறது.

வரலாறு கூறும் வழி

ஏறத்தாழ ஈராயிரமாண்டுக் கதையைத் திரும்பிப் பார்க்கின், சில உண்மைகள் தெளிவாகின்றன. கொழுப்பு என்றும் பகையாக இருந்ததில்லை; வறுமையில் அது துணை, மிகுதியில் அது சுமை. ஆலைகள் குறைத்துத் தந்த கொழுப்பை மக்கள் விரும்பி ஏற்கவில்லை. சட்டம் சொல்ல முற்பட்டதை வணிகம் மாற்றி எழுதச் செய்தது. தன் கையால் சமைத்தவர் தம் மரபைக் கைவிடாமலே குறைத்தபோதுதான் குறைவு நிலைத்தது.

அதற்குரிய கருவிகளும் அரியவை அல்ல. வறுத்தபின் வடிதட்டில் வடித்தல், வெந்நீரால் அலசுதல், சாற்றிலிருந்து கொழுப்பை மட்டும் நீக்கிச் சுவையைத் திரும்பச் சேர்த்தல், இறைச்சியில் ஒரு பங்கைக் குறைத்துப் பருப்போ காளானோ காய்கறியோ கலத்தல், பொரிப்பதை விடுத்து வேகவைத்தல் அல்லது சுடுதல். இவை யாவும் எந்த வீட்டு அடுக்களையிலும் இயல்வன. கைமாவில் பச்சைப்பட்டாணி சேர்க்கும் வழக்கமும், உருண்டையில் கடலை சேர்க்கும் வழக்கமும் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றியவை. அப்பழைய வழக்கத்தின் அளவைச் சிறிது கூட்டினாலே போதும்.

கரேலியப் பெண்கள் தம் ஊர் ஆடவரின் சாவைக் கண்டு மனம் வெதும்பியவர்கள். அழுதுகொண்டிருக்காமல் குழம்புச் சட்டியை எடுத்தார்கள். சமைத்த குழம்பின் பெயரை மாற்றாமல் அதன் உள்ளீட்டை மாற்றினார்கள். அவர்கள் பரிமாறிய பந்தியில் உட்கார்ந்தவர்கள் பலர், தம் பேரப்பிள்ளைகளின் முகத்தைக் காணும் பேற்றினை அடைந்தனர். மலேசிய, சிங்கைத் தமிழ் இல்லங்களிலும் அந்தப் பேறு கிட்ட வேண்டுமாயின், அதற்கான தொடக்கம் அடுப்பின்மேல் கொதிக்கும் ஒரு பாத்திரம் வெந்நீரிலேயே இருக்கிறது.